ஆப்பிள் ஃப்ரிட்டர் நடுவில் வேகாமல் போவது ஏன்? வீட்டில் சரியாக வர என்ன செய்யலாம்?

மாவில் ஆப்பிளைச் சேர்த்து எண்ணெயில் பொரிக்கும் இனிப்புப் பண்டம் ஆப்பிள் ஃப்ரிட்டர். வீட்டில் அதைப் பொரித்தால் மேலே கருஞ்சிவப்பாகிவிடுகிறது, பிய்த்துப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு, தொட்டால் கையெல்லாம் எண்ணெய். மைதாவைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தாயிற்று, சரிவரவில்லை. டோனட் கடைகளில் கிடைப்பது போல மேடும் பள்ளமுமாக, மொறுமொறுவென்று வர என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள்.

மைதாவின் அளவை மாற்றிப் பலன் கிடைக்காததில் வியப்பில்லை. சிக்கல் மாவில் இல்லை, ஆப்பிளில் இருக்கிறது. ஆப்பிளின் எடையில் ஏறத்தாழ 85 சதவீதம் தண்ணீர். 300 கிராம் ஆப்பிள் துண்டுகளை மாவில் போடும்போது கிட்டத்தட்ட கால் லிட்டர் தண்ணீரையும் சேர்த்தே போடுகிறீர்கள். துண்டுக்குள் அடைபட்டிருப்பதால் அது முதலில் கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரை பட்டதும் மெல்லக் கசியத் தொடங்கும். எண்ணெயின் சூடு பட்டதும் பழத்தின் செல்கள் தளர்ந்து இன்னும் கொஞ்சம் விடும். கெட்டியாகப் பிசைந்த மாவு பொரிக்கும் நேரத்தில் நீர்த்துப்போவதும், ஆப்பிளைச் சுற்றி மாவு களியாக நிற்பதும், எண்ணெய் ஏறுவதும், மேலே பூசிய சர்க்கரை கொஞ்ச நேரத்தில் அழுது வழிவதும் இந்த ஒரு தண்ணீரின் வேலைதான். இதை எங்கே, எப்போது, எவ்வளவு வெளியே விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்துவிட்டால் மீதியெல்லாம் சாதாரணச் சமையல்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நடுவில் இருப்பது உண்மையிலேயே பச்சை மாவா, அல்லது வெந்தும் களியாக இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு. மாவு வாசனை அடித்து, வெள்ளையாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது வேகவில்லை: எண்ணெயின் சூடு அதிகம், அல்லது ஃப்ரிட்டர் தடிமன் அதிகம். வாசனை சரியாக இருந்து, ஆப்பிளை ஒட்டிய இடம் மட்டும் ஈரமாக, கண்ணாடி போலப் பளபளத்தால் அது வெந்துவிட்டது, பழச்சாற்றில் ஊறியிருக்கிறது. இதற்கு இன்னும் ஐந்து நிமிடம் பொரித்தாலும் பயன் இல்லை, மேலே கருகும் அவ்வளவுதான். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள். 90 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தால் மாவு வெந்துவிட்டது. 70, 75 என்று காட்டினால் வேகவில்லை.

அடுத்தது, எந்த ஃப்ரிட்டரைச் செய்கிறீர்கள் என்பது. ஒரே பெயரில் மூன்று பண்டங்கள் இருக்கின்றன, பலர் இவற்றைக் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, ஆப்பிளை வட்ட வில்லைகளாக வெட்டி மாவில் முக்கிப் பொரிப்பது. இரண்டாவது, பேக்கிங் பவுடர் போட்ட கெட்டி மாவில் ஆப்பிள் துண்டுகளைக் கலந்து கரண்டியால் எண்ணெயில் விடுவது. மூன்றாவது, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த மாவையும் வதக்கிய ஆப்பிளையும் சேர்த்துக் கொத்தி, தட்டி, மறுபடி பொங்கவைத்துப் பொரிப்பது. நீங்கள் கேட்கும் மேடுபள்ளமான டோனட் கடை ஃப்ரிட்டர் இந்த மூன்றாவது வகை. இரண்டாவது வகை மாவை எத்தனை முறை செய்தாலும் அந்தத் தோற்றம் வராது. அது அரை மணி நேரத்தில் முடிகிற, அதன் அளவில் மிக நல்ல பண்டம். ஆனால் அது வேறு.

எந்த வகையானாலும் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. கிரானி ஸ்மித் எனப்படும் பச்சை ஆப்பிள் மிகவும் நம்பகமானது. சதை கெட்டி, புளிப்பும் தூக்கல். பொரித்த மாவுக்கும் சர்க்கரைப் பூச்சுக்கும் நடுவே அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் இரண்டு வாய்க்கு மேல் திகட்டிவிடும். பிங்க் லேடி, பிரேபர்ன் இரண்டும் நன்றாக வரும். ஃபுஜி கெட்டியாக நிற்கும், ஆனால் இனிப்பு மட்டும்தான் இருக்கும், எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-ல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் பச்சையாகக் கடித்துத் தின்ன அருமையான ரகம். அதன் செல்கள் பெரியவை, கடித்ததும் வெடித்துச் சாறு கொட்டுவது அதனால்தான். ஃப்ரிட்டரில் அதே குணம் தொல்லையாகிறது, வதக்காமல் போடாதீர்கள். ரெட் டெலிஷியஸை நான் சேர்க்கவே மாட்டேன். புளிப்பும் இல்லை, வெந்ததும் மாவுமாவாகிச் சுவை ஓடிவிடும். மெக்கின்டாஷ் கரைந்து கூழாகும்.

புளிப்பு இருந்தால் கெட்டியாக நிற்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சமைப்பதற்கென்றே வளர்க்கப்படும் பிராம்லி ரகம் கிரானி ஸ்மித்துக்குச் சற்றும் குறையாத புளிப்பு. ஆனால் சூடு பட்டதும் நுரைத்த கூழாகிவிடும். கெட்டித்தன்மை வேறு, புளிப்பு வேறு, உங்களுக்கு இரண்டும் வேண்டும். வாங்கும்போது கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் விழுந்தால் வைத்துவிடுங்கள். நீண்ட நாள் இருப்பில் இருந்த ஆப்பிளில் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் தளர்ந்திருக்கும். நல்ல ரகமாக இருந்தாலும் எண்ணெயில் குழைந்துபோகும். வெட்டிய துண்டுகள் பழுப்பாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பட்டைத்தூளோடு சேர்ந்து பொரியும்போது அந்த நிறம் தெரியவே தெரியாது. தண்ணீரில் போட்டு வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், வெளியேற்ற நினைக்கும் ஈரத்தை நாமே மேலும் சேர்ப்பதாகும்.

இப்போது அவசரத்துக்குச் செய்யும் கரண்டி ஃப்ரிட்டர். நடுத்தர அளவில் இரண்டு கிரானி ஸ்மித், தோலும் விதைப்பகுதியும் நீக்கியபின் ஏறக்குறைய 300 கிராம் வரும். ஏழெட்டு மில்லிமீட்டர் சதுரங்களாக நறுக்குங்கள். பெரிய துண்டுகள் பார்க்க அழகு, ஆனால் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு ஈர வளையம் உண்டாகும். மைதா 190 கிராம், சர்க்கரை 40 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, பட்டைத்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள் இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டை 2, பால் 100 மில்லி, உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. ஈரமானதை உலர்ந்ததில் ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கலக்குங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். அடித்துக் கலக்கினால் மைதாவின் புரதமான குளூட்டன் இறுகி, ஃப்ரிட்டர் ரப்பர் போல இழுபடும்.

மாவைப் பத்து நிமிடம் ஆப்பிள் சேர்க்காமல் மூடி வையுங்கள். மைதா பாலை உறிஞ்சிக் கெட்டியாகும், அந்த இடைவெளியில் எண்ணெயைக் காயவைக்கலாம். எண்ணெய் தயாரான பிறகே ஆப்பிளைச் சேருங்கள். அதற்கு முன் துண்டுகளைச் சுத்தமான துணியில் ஒற்றி எடுத்து, ஒரு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டிக்கொண்டால் மாவு துண்டுகளோடு ஒட்டி நிற்கும். ஆப்பிளைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் வைத்திருந்தால், முதல் ஈடு நன்றாகவும் கடைசி ஈடு தளதளவென்றும் வரும். மாவு கெட்டுப்போய்விட்டது என்று மைதாவை அள்ளிப் போடுகிற கட்டம் இதுதான். உண்மையில் ஆப்பிள் சாறு விட்டிருக்கிறது. மாவு எப்படி இருக்க வேண்டும் என்றால், கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, தயங்கித் தயங்கிக் கட்டியாக விழ வேண்டும்.

சர்க்கரை 40 கிராம் போதுமா என்று தோன்றும். போதும். மாவில் சர்க்கரை கூடினால் உள்ளே வேகும் முன்பே மேலே சிவந்துவிடும். உங்கள் ஃப்ரிட்டர் கருகியதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இனிப்பைப் பொரித்தபின் மேலே சேர்ப்பதே நல்லது. பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடாவைத் தாராளமாகப் போடுவதும் இதே விளைவைத் தரும். காரத்தன்மை கூடக்கூடச் சிவப்பது வேகமாகும், சோப்பு போன்ற ஒரு வாடையும் தங்கிவிடும்.

முட்டை சேர்க்காதவர்கள் அந்த இரண்டு முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 100 மில்லியும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் சேர்த்து, பாலை மாவின் பதம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். முட்டைதான் சூட்டில் இறுகித் துண்டுகளைப் பிடித்துவைக்கிறது என்பதால், அது இல்லாதபோது ஃப்ரிட்டரைச் சிறியதாக விடுங்கள், திருப்பும்போது உடையாது.

இனி டோனட் கடை ஃப்ரிட்டர். இதற்கு அரை நாள் ஒதுக்க வேண்டும். ஆனால் செய்யும் நேரத்தில் பெரும்பகுதி காத்திருப்புதான்.

ஆப்பிளில் தொடங்குங்கள், அது முழுக்க ஆற வேண்டும். மூன்று ஆப்பிள், நறுக்கியபின் 450 கிராம் போல. ஒரு சென்டிமீட்டர் சதுரங்கள். அகலமான வாணலியில் 30 கிராம் வெண்ணெய் விட்டு, ஆப்பிள், 50 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நல்ல தீயில் வதக்குங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் சாறு குளம் போலத் தேங்கும். பயந்து தீயைக் குறைக்காதீர்கள், குறைத்தால் ஆப்பிள் தன் சாற்றிலேயே வெந்து குழையும். எட்டிலிருந்து பத்து நிமிடத்தில் சாறு வற்றி, துண்டுகளின் மேல் பளபளப்பான பாகாக ஒட்டிக்கொள்ளும். கரண்டியால் கோடு இழுத்தால் வாணலியின் அடி தெரிய வேண்டும், அதில் நீர் ஓடி வந்து மூடக் கூடாது. துண்டுகள் கடிக்கும் பதத்திலேயே இருக்கட்டும், எண்ணெயில் இன்னொரு முறை வேகப் போகின்றன. அகலமான தட்டில் பரப்பி ஆறவையுங்கள். குவித்து வைத்தால் தன் ஆவியிலேயே மறுபடி நனையும்.

ஆப்பிளை முன்கூட்டியே வேகவைப்பது நேற்று வந்த யோசனை இல்லை. 1390-ஐ ஒட்டி இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் அரண்மனைச் சமையல்காரர்கள் தொகுத்த குறிப்புகளிலேயே ஆப்பிள் ஃப்ரிட்டர் இருக்கிறது. ஆப்பிளை அரைவேக்காடாக வேகவைத்து, மைதா, முட்டை, ஏல் எனும் பியர் வகை, ஈஸ்ட், குங்குமப்பூ, உப்பு கலந்த மாவில் முக்கிப் பொரிக்கச் சொல்கிறது அந்தக் குறிப்பு. ஈஸ்ட்டும் அதில் அப்போதே இருக்கிறது.

மாவுக்கு: மைதா 400 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், சர்க்கரை 50 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, வெதுவெதுப்பான பால் 180 மில்லி, ஒரு முழு முட்டையும் ஒரு மஞ்சள் கருவும், மெத்தென்ற வெண்ணெய் 55 கிராம். பாலில் விரலை விட்டால் சூடு தெரியாத அளவு, அதாவது 35-லிருந்து 40 டிகிரிக்குள் இருக்கட்டும். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். வெண்ணெய் தவிர மற்றதையெல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் பிசைந்து, பிறகு வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னும் ஐந்தாறு நிமிடம் பிசையுங்கள். மாவு மெத்தென்று, லேசாக ஒட்டும் பதத்தில் இருக்க வேண்டும். மூடி வைத்தால் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். குளிர்ச்சியான இடமென்றால் இன்னும் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்.

பட்டைத்தூளை இந்த மாவில் போட்டுப் பிசையாதீர்கள். பட்டைக்கு அந்த வாசனையைத் தரும் சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைக்கும். மாவு பொங்கி முடிந்தபிறகு, ஆப்பிளோடு சேர்ப்பதே சரி. வாசனையும் அங்கங்கே கோடு கோடாக நின்று தனியாகத் தெரியும்.

பொங்கிய மாவைத் தட்டிக் காற்றிறக்கி, மாவு தூவிய மேடையில் பூரிக்கட்டையால் 30 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேயுங்கள். ஆறிய ஆப்பிளைப் பரப்பி, 2 தேக்கரண்டி பட்டைத்தூளையும் 2 மேசைக்கரண்டி மைதாவையும் மேலே தூவுங்கள். இந்த இரண்டு மேசைக்கரண்டி மைதாவை வீட்டுக் குறிப்புகள் பலவும் விட்டுவிடுகின்றன, நான் இதை மிக முக்கியமாகக் கருதுகிறேன். எவ்வளவு வதக்கினாலும் ஆப்பிளின் மேல் கொஞ்சம் பாகு இருக்கும். அது மாவுத் துண்டுகளின் வெட்டுமுகங்களில் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கும், எண்ணெயில் போட்டதும் பிரிந்து ஆப்பிள் உதிரும். தூவிய மைதா அந்தப் பாகைக் குடித்துப் பசையாகிறது. கருங்கல் சுவரில் கற்களுக்கு இடையே காரை எப்படி வேலை செய்கிறதோ அப்படி அது மாவுத் துண்டுகளைப் பிடித்து நிறுத்தும்.

இனி மாவைப் பாய் போலச் சுருட்டி, கத்தியாலோ தகடு போன்ற மாவு வெட்டியாலோ குறுக்கே ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டாக வெட்டுங்கள். வெட்டியதைக் குவித்து எதிர்த் திசையில் மறுபடி கொத்துங்கள். பார்க்க அலங்கோலமாக இருக்கும், கையில் ஒட்டும், கெட்டுப்போனது போலத் தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தக் கொத்தல்தான் அந்த மேடுபள்ளத்தைத் தருகிறது. ஒவ்வொரு மாவுத் துண்டின் விளிம்பும் எண்ணெயில் தனித்தனியாக மொறுமொறுக்கும், நடுவே இருக்கும் இடுக்குகளில் சர்க்கரைப் பூச்சு தேங்கும். மாவை உருண்டையாக்கி நடுவில் ஆப்பிளை அடைத்தால் இது கிடைக்காது. அதே சமயம் கூழாகும்வரை கொத்தவும் கூடாது. சுண்டைக்காய் அளவுக்கும் நெல்லிக்காய் அளவுக்கும் இடையில் மாவுத் துண்டுகள் கண்ணுக்குத் தெரியட்டும்.

கொத்தியதை அழுத்திச் சேர்த்து நீள உருளையாக்கி, பத்துப் பதினொரு பங்குகளாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் 100 கிராம் போல இருக்கும். சதுரமாக வெட்டிய பட்டர் பேப்பரில் ஒவ்வொன்றையும் வைத்து, ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுக்கு விரலால் தட்டுங்கள். நடுவைச் சற்று மெல்லியதாக அழுத்துவது நல்லது, கடைசியாக வேகும் இடம் அது. வெளியே தெரியும் ஆப்பிள் துண்டுகளை உள்ளே செருகிவிடுங்கள். நேரடியாக எண்ணெய் பட்டால் அவற்றின் சர்க்கரை கருகி எண்ணெயையே கசப்பாக்கும். மூடி 30-லிருந்து 40 நிமிடம் வையுங்கள். விரலால் தொட்டால் பள்ளம் விழுந்து மெதுவாக, பாதியளவு மீண்டு வந்தால் தயார்.

நேரம் இல்லையென்றால் முதல் பொங்கலுக்குப்பின் மாவை இரவு முழுதும் ஃபிரிட்ஜில் வைக்கலாம். குளிர்ந்த மாவு கொத்துவதற்கு மிக வசதி, ஒட்டவே ஒட்டாது. நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன். குளிர்ந்து இருப்பதால் இரண்டாவது முறை பொங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவ்வளவே.

எண்ணெய்க்கு வருவோம். வாசனையற்ற, சுத்திகரித்த எண்ணெய் எதுவும் ஆகும்: சூரியகாந்தி, கடலை, தவிட்டு எண்ணெய். அடிகனமான பாத்திரத்தில் ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றுங்கள், பாத்திரத்தின் பாதிக்கு மேல் போக வேண்டாம். 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் உங்கள் இலக்கு. 190-ஐத் தாண்டினால் இரண்டு நிமிடத்தில் மேலே கருஞ்சிவப்பாகிவிடும், நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேர அவகாசம் இராது. உங்கள் நடுப்பகுதி உண்மையிலேயே பச்சையாக இருந்திருந்தால் நான் சந்தேகப்படுவது இதைத்தான். 165-க்குக் கீழே போனால் மேல்தோல் இறுகத் தாமதமாகி, ஃப்ரிட்டர் அதிக நேரம் எண்ணெயில் கிடக்கும், நிறைய ஈரத்தை இழக்கும், அந்த வெற்றிடத்தில் எண்ணெய் ஏறும்.

குளிர்ந்த மாவு விழுந்ததும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்கும் என்பதால் 182, 185 வரை காயவிட்டுப் போட்டு, பிறகு தீயைக் கூட்டிக் குறைத்து 175-ஐப் பிடிக்கலாம். ஒரு ஈட்டுக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் ஒரு அங்குலச் சதுர ரொட்டித் துண்டைப் போடுங்கள், ஒரு நிமிடம் போலப் பிடித்துப் பொன்னிறமானால் சூடு சரி. ஆனாலும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள். இந்தப் பண்டத்தில் கண்மதிப்பு ஏமாற்றும், ஏனென்றால் பட்டைத்தூள் கலந்த மாவு ஆரம்பத்திலிருந்தே பழுப்பாகத்தான் இருக்கும்.

ஈஸ்ட் ஃப்ரிட்டரைப் பட்டர் பேப்பரோடு எண்ணெயில் இறக்குங்கள். கையால் தூக்கினால் அமுங்கிவிடும். சில விநாடிகளில் பேப்பர் தானாகப் பிரியும், இடுக்கியால் எடுத்துவிடலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டரை நிமிடம், திருப்பி இன்னொரு இரண்டரை நிமிடம். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். கரண்டி ஃப்ரிட்டருக்கு, ஒரு குவித்த மேசைக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதலான மாவை விட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் லேசாகத் தட்டி விரித்தால் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் சரியாக இருக்கும். உருண்டையாக விடாதீர்கள். உருண்டையில் நடுவும் மேலும் வெகுதூரத்தில் இருக்கின்றன.

எண்ணெய் ஏறுவதைப் பற்றி ஒரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். பொரியும்போது உள்ளேயிருந்து நீராவி வெளியே பீறிட்டுக்கொண்டிருக்கும், அப்போது எண்ணெய் உள்ளே நுழைவது கடினம். குமிழிகள் அடிப்பது அந்த நீராவிதான். வெளியே எடுத்த பின் ஆறத் தொடங்கும்போது உள்ளே இருக்கும் நீராவி சுருங்கி, மேல்தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெயை உறிஞ்சி இழுக்கும். பெருமளவு எண்ணெய் ஏறுவது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே ஜல்லிக்கரண்டியில் எடுத்ததும் எண்ணெய்க்கு மேலேயே பிடித்து இரண்டு உதறு உதறி, உடனே உறிஞ்சு தாளில் இரண்டு பக்கமும் ஒற்றி, பிறகு கம்பித் தட்டில் வையுங்கள். தாளிலேயே விட்டுவைத்தால் அடிப்பக்கம் தன் ஆவியில் நனைந்து மெத்தென்றாகிவிடும். முதல் அரை நிமிடத்தில் செய்யும் இந்த ஒரு வேலை, எண்ணெய்ப் பிசுக்கை நீங்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகக் குறைக்கும்.

கவனத்துக்கு ஒன்று. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும், ஈரம் சொட்டும் ஆப்பிள் எண்ணெயில் நேரடியாக விழுந்தால் தெறிப்பது அதனால்தான். பாத்திரத்தின் மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

மேல்பூச்சுக்கு ஐசிங் சர்க்கரை 250 கிராம், சூடான பால் 50-லிருந்து 60 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு, சில துளி வெனிலா. கரண்டியிலிருந்து நாடாவாக வழிந்து உடனே மறையும் பதம். ஆப்பிள் வாசனை தூக்கலாக வேண்டுமென்றால் பாலுக்குப் பதிலாக ஆப்பிள் சாற்றைக் கால் பங்காகச் சுண்டவைத்துச் சேருங்கள். நான் பாலைவிட இதையே விரும்புகிறேன், அந்தச் சிறு புளிப்பு சர்க்கரையின் கனத்தைக் குறைக்கிறது. எண்ணெயிலிருந்து எடுத்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து, இன்னும் சூடாக இருக்கும்போதே முக்கி எடுங்கள். மெல்லிய, கண்ணாடி போன்ற ஓடாகக் காயும். கொதிக்கக் கொதிக்க முக்கினால் உருகி உள்ளே இறங்கிவிடும், முழுக்க ஆறியபின் முக்கினால் தடித்த வெள்ளைப் பூச்சாக நிற்கும்.

வட்ட வில்லை வகையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். நடுத்தண்டு நீக்கிய வில்லைகள் 8 மில்லிமீட்டர் தடிமன், துணியில் ஒற்றி, மைதாவில் புரட்டி, சோடா நீர் விட்டுக் கரைத்த கெட்டியான மாவில் முக்கி, 180 டிகிரியில் பொன்னிறமாகும்வரை பொரித்து, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்ட வேண்டும். மைதாவில் புரட்டும் படியைத் தவிர்த்தால் மாவு சட்டை கழல்வது போலக் கழன்றுவிடும்.

ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கரண்டி மாவு அதில் வழிந்துபோகும், வேண்டாம். ஈஸ்ட் ஃப்ரிட்டரை வெண்ணெய் தடவி 175 டிகிரியில் எட்டிலிருந்து பத்து நிமிடம் வைத்தால் நல்ல ஆப்பிள் பன் கிடைக்கும். ஃப்ரிட்டரின் மொறுமொறுப்பு கிடைக்காது.

செய்த அன்றே சாப்பிடுவது உத்தமம். மிஞ்சியதை சூடாக இருக்கும்போது டப்பாவில் அடைக்காதீர்கள். சர்க்கரைப் பூச்சு உள்ளேயிருந்து வரும் ஈரத்தை இழுத்துக் கரைந்து வழியும். முழுக்க ஆறியபின் லேசாக மூடி, ஃபிரிட்ஜுக்கு வெளியே ஒரு நாள் வைக்கலாம். ஃபிரிட்ஜின் குளிரில் மாவு இன்னும் வேகமாக விறைத்துப் பழசாகும். மறுநாள் 165 டிகிரி அவனில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் ஓரங்கள் மறுபடி மொறுமொறுக்கும், மைக்ரோவேவில் வைத்தால் மெத்தென்று மட்டும் ஆகும். நிறையச் செய்து வைக்க விரும்பினால் பூச்சுப் பூசாமல் ஆறவைத்து ஃப்ரீசரில் போடுங்கள். வேண்டும்போது உறைந்தபடியே 175 டிகிரி அவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சூடாக்கி, சூட்டோடு பூச்சில் முக்கி எடுக்கலாம்.